மெஷின் தானே ஓடும்போது நமக்கு எதற்கு அறிவியல்?

தடாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் பத்தாவது முடித்திருக்கிறான். பக்கத்தில் ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைகளில் பத்தாவது ஃபெயில் ஆன பையனுக்கே வேலை கிடைக்கிறது, மெஷின் தானாக ஓடுகிறது, பட்டனை அழுத்தினால் போதும் என்கிறார்கள். அப்படியிருக்க, அறிவியல் கல்விதான் நாட்டின் எதிர்காலம் என்று மேடைக்கு மேடை பேசுவதெல்லாம் விஞ்ஞானி ஆகப்போகிற நாலு பேருக்குத்தானே, மற்ற பிள்ளைகளுக்கு அது எதற்கு என்கிறார். அவர் உண்மையில் கேட்பது, சாதாரணமாக வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்குப் பள்ளியில் படித்த இயற்பியலும் வேதியியலும் என்றைக்காவது கைகொடுக்குமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். தமிழ்நாடு ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 19 வருடம் இயற்பியல் நடத்தினேன். அப்புறம் கடந்த 9 வருடமாகத் தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அதனால் பத்தாம் வகுப்பு பெஞ்சில் பார்த்த அதே மாதிரிப் பிள்ளைகளை, மூன்று நான்கு வருடம் கழித்து சேஃப்டி ஷூவோடு திரும்பப் பார்க்கிறேன். நான் சொல்லப் போவது இந்தத் தடா, சத்தியவேடு, சூளூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சாலைத் தரையில் பார்த்தது. ஐடி வேலைக்கோ விவசாயத்துக்கோ இதையே அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். நீளமான சோதனைக் குழாய் ஒன்று, அதில் ஒரு ஐஸ் துண்டு. ஐஸ் மிதக்கும் என்பதால் அதன் மேல் கம்பி வலையைச் சுருட்டி வைத்து அடியிலேயே அமுக்கிவிடுவேன். மேலே தண்ணீர் ஊற்றி, குழாயைச் சாய்த்து, ஸ்பிரிட் விளக்கின் சுடரை வாய்ப்பக்கமாகக் காட்டுவேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: மேலே தண்ணீர் கொதிக்கும்போது ஐஸ் என்ன ஆகியிருக்கும்? ஏறக்குறைய எல்லோரும் கரைந்துவிடும் என்பார்கள். சிலர் ஐஸ் கரைந்து முடிகிற வரைக்கும் தண்ணீர் கொதிக்காது என்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே தளதளவென்று கொதிக்கும், ஆவி போகும், அடியில் ஐஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். குழாயின் அடிப்பக்கத்தை நான் விரலால் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். விரலுக்கு ஜில்லென்றே இருக்கும். வரிசையாக வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

காரணம் கடினமானது கிடையாது. தண்ணீர் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். சூடான தண்ணீர் எடை குறைந்தது, மேலேயே நிற்கும், கீழே இறங்காது. அடியில் சூடு காட்டினால் சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்தது கீழே இறங்கி, சுற்றிச் சுற்றி எல்லாம் கொதிக்கும். மேலே காட்டினால் அந்தச் சுற்று நடக்காது. இதற்குப் பெயர் வெப்பச்சலனம், எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். வெப்பச்சலனம் என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் வரையறையைக் கமா பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் குழாயைக் கையில் கொடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் தப்பாகச் சொல்கிறார்கள். இருபத்தெட்டு வருடத்தில் என்னை மிகவும் உறுத்திய விஷயம் இதுதான். அதில் 19 வருடம் நானும் அந்த வரையறைக்கு இரண்டு மதிப்பெண் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஐஸைத் தொட்டுப் பார்த்து முடித்ததும் இரண்டாவது கேள்வி கேட்பேன். இது சோதனைக் குழாய் இல்லை, இரண்டு மாடி உயரத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சூடானால் ஆபத்தான திரவம், வெப்பமானி ஒன்றுதான் வைக்கலாம், எங்கே வைப்பீர்கள்? 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஒரு பாலிமர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளின் ஆவி கசிந்து சுற்றியிருந்த குடியிருப்புகளுக்குள் போனது. பன்னிரண்டு உயிர்கள் போயின, நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஸ்டைரீனைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். சூடேறினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளத் தொடங்கும், அப்போது வெளிப்படும் வெப்பம் அந்த வினையை இன்னும் வேகப்படுத்தும். ஊரடங்கில் ஆலை நின்றிருந்தது, தொட்டி நிறையச் சரக்கு கிடந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு விசாரித்துச் சொன்ன காரணங்கள் பல. தானாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கும் வேதிப்பொருள் போதுமான அளவு இல்லை, குளிரூட்டும் அமைப்பை நாள் முழுக்க ஓட்டவில்லை, திரவத்தைச் சுழற்றிக் கலக்கும் குழாயில் முந்தைய டிசம்பரில் செய்த மாற்றத்துக்குப் பிறகு மேலும் கீழும் சரியாகக் கலக்கவில்லை. இவற்றோடு இன்னொன்று, வெப்பநிலையை அளக்கும் கருவி தொட்டியின் அடியில் மட்டும்தான் இருந்தது. மேலே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அடியில் இருந்த கருவி குளிர்ச்சி என்றே காட்டியது. என் சோதனைக் குழாயில் ஐஸ் இருந்த இடம் அது.

இதைச் சொல்லும்போது பயிற்சி அறையே அமைதியாகிவிடும். ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த விபத்துக்கு அங்கே ஷிஃப்டில் இருந்த தொழிலாளியின் படிப்பறிவு காரணம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அநியாயம். குழாயை மாற்றியது, கருவியை எங்கே வைப்பது, குளிரூட்டியை எப்போது நிறுத்துவது எல்லாம் மேலே எடுக்கப்பட்ட முடிவுகள். நான் சொல்வது இவ்வளவுதான்: அப்படி ஒரு தொட்டியை வடிவமைக்கிறவர், அதில் மாற்றம் செய்ய ஒப்புதல் தருகிறவர், பொருத்துகிற ஃபிட்டர், மணிக்கொரு தரம் அளவைக் குறிக்கிற ஆபரேட்டர், ஆய்வுக்கு வருகிற அரசு அதிகாரி என்று எத்தனை பேர் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு தொழில் நாட்டில் பாதுகாப்பாக நடக்க வேண்டுமென்றால் அந்த வரிசையில் யாராவது ஒருவருக்கு, 'அடியில் மட்டும் பார்த்தால் மேலே எப்படித் தெரியும்?' என்று கேட்கத் தோன்ற வேண்டும். எந்த இடத்தில் நிற்பவருக்குத் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பாடம் நாலு பேருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்க முடியாது என்கிறேன். ஒருமுறை, வரதையபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் இரண்டாவது கேள்விக்கு, 'ஒண்ணுதான் வைக்கணும்னு யார் சார் சொன்னது, ரெண்டு வாங்கித்தரச் சொல்லுங்க' என்றாள். அன்றைக்கு நான் வேறு பாடமே எடுக்கவில்லை, அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

'மெஷின் தானே ஓடுகிறது' என்பதற்கு வருகிறேன். ஓடுகிற வரைக்கும் ஓடும். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மழையும் பழவேற்காட்டு ஏரிக் காற்றும் சேர்ந்தால் ஈரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் தொழிற்சாலையில் காற்றழுத்தத்தில் இயங்கும் வால்வுகள் அடிக்கடி மக்கர் பண்ணும், திறந்தால் உள்ளே தண்ணீர், துரு. கம்ப்ரஸர் டேங்க்கின் அடியில் இருக்கும் டிரெயின் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே, எங்கிருந்து வந்தது? ஒரு பையன் கூரை ஒழுகுகிறது என்று மேலே பார்த்தான். இன்னொரு பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஐஸ் மோர் சொம்பு வெளிப்பக்கம் வேர்க்குமே, அந்த மாதிரிதானே?' என்றான். அதேதான். காற்றைப் பல மடங்கு நெருக்கும்போது அதில் இருக்கிற நீராவியும் சேர்ந்து நெருங்குகிறது, நெருக்கும்போது ஏறிய சூடு ஆறியதும் அந்த நீராவி தண்ணீராகிவிடுகிறது. இது தெரிந்தவன் மழைக்காலத்தில் டிரெயின் குழாயை ஷிஃப்டுக்கு ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை திறந்துவிட வேண்டும் என்று தானே முடிவு செய்வான். தெரியாதவன் சார்ட்டில் எழுதியிருந்தால் செய்வான், எழுதியிருக்காவிட்டால் விட்டுவிடுவான். சொம்பைச் சொன்ன பையன் இப்போது மெயின்டெனன்ஸில் இருக்கிறான். கூரையைப் பார்த்தவனும் நல்ல உழைப்பாளிதான், ஆனால் அதே லைனில் அதே வேலையில் இருக்கிறான்.

அளவுகளிலும் இதே கதை. ஒரே லைனில் ஒரு கேஜ் பார் என்று காட்டும், ஜப்பான்காரன் கொடுத்த வரைபடத்தில் மெகாபாஸ்கல் இருக்கும், பழைய மெஷினில் கிலோ என்று இருக்கும், பையனுக்குத் தெரிந்தது காற்றுக் கடையில் பைக்குக்கு அடிக்கிற 30 பாயிண்ட் மட்டும். எல்லாமே ஒரே அழுத்தத்தின் வெவ்வேறு பெயர்கள், ஒரு பார் என்பது ஏறக்குறைய பதினாலரை பாயிண்ட், ஒரு மெகாபாஸ்கல் என்பது பத்து பார் என்று புரிந்துவிட்டால் எந்த நாட்டு மெஷின் வந்தாலும் கவலையில்லை. நீளத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவி இன்னும் கொடுமை. மீச்சிற்றளவு சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் கருவியைக் கையில் வாங்கியதும் முதலில் தாடைகளை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா, சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் பெரிது. டிஜிட்டல் கருவி வந்த பிறகு நிலைமை மோசமாகித்தான் இருக்கிறது, எண்ணைத் திரையில் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள், தாடையில் ஒட்டியிருக்கும் பிசிறு கண்ணில் படுவதில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. என் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் பலர் அதில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வகத்தைத் திறப்பதே தேர்வுக்கு முந்தைய வாரம்தான். ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டுவார், எழுபது பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ரெக்கார்டு நோட்டில் அளவுகளைப் போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். தவறான அளவை எழுதிக் கூட்டிக் கழித்துச் சரியான விடைக்குக் கொண்டுவரும் பழக்கம் பதினைந்து வயதில் அங்கே பிடிக்கிறது. அதே கைதான் நாளைக்குத் தொட்டியின் வெப்பநிலையை எழுதப்போகிற கை. போய்ப் பார்க்காமலே நேற்றைய எண்ணை எழுதுகிற ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன்னால், அதை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று நாம் யோசிக்க வேண்டும்.

தமிழ் மீடியமா, தெலுங்கா, இங்கிலீஷா என்று இந்த எல்லைப் பக்கத்தில் எப்போதும் ஒரு தவிப்பு உண்டு, கேட்டவருக்கும் இருக்கும். என் அனுபவத்தில் தமிழில் வெப்பச்சலனம் என்று புரிந்து படித்தவனும் தெலுங்கில் உஷ்ண சம்வகனம் என்று புரிந்து படித்தவனும் கம்பெனி மேனுவலில் கன்வெக்‌ஷன் என்று பார்த்ததும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். புரியாமல் படித்தவனுக்கு மூன்று மொழியிலும் அது வெறும் சொல்தான். மொழியைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியையாவது ஆய்வகத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி 'நாட்டின் எதிர்காலம்' என்கிற பெரிய பேச்சு. இதில் உறுதியாகச் சொல்லக் கூடியதும் உண்டு, அடித்துச் சொல்ல முடியாததும் உண்டு. அளவெடுக்கத் தெரிந்த, காரணம் கேட்கத் தெரிந்த ஆள் இருக்கும் இடத்தில் விரயமும் விபத்தும் குறைகிறது, புது மெஷின் வந்தால் அவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அறிவியல் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்கும் நாடுகள் வேகமாக வளர்கின்றன, ஆகவே மதிப்பெண்ணைக் கூட்டினால் வளர்ச்சி தானாக வரும் என்று சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. எரிக் ஹனுஷெக், லுட்கர் வோஸ்மன் என்ற பொருளாதார அறிஞர்கள் மாணவர்களின் திறனுக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் வலுவான தொடர்பைக் காட்டியிருக்கிறார்கள். எது காரணம், எது விளைவு என்பதில்தான் விவாதம் இருக்கிறது. தென்கொரியா பள்ளிகளை நிமிர்த்திய அதே காலத்தில் தொழிற்சாலைகளையும் கட்டியது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. நம் ஊரிலோ இன்ஜினியரிங் பட்டத்தோடு டெலிவரி வேலை செய்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். பட்டங்களைப் பெருக்கினாலே வேலை பெருகிவிடும் என்பது நடக்காத கதை. அறிவியல் படித்தால் மனிதர் எல்லா விஷயத்திலும் பகுத்தறிந்து நடப்பார் என்பதையும் நான் நம்பவில்லை, வாட்ஸ்அப்பில் வருகிற கண்ட வைத்தியத்தையும் அனுப்புகிறவர்களில் என்னோடு இயற்பியல் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

அக்கறை இல்லாத நாடு என்றும் நம்மைச் சொல்லிவிட முடியாது. 1964 முதல் 66 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளியின் முதல் பத்து ஆண்டுகளுக்கு அறிவியலும் கணிதமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் என்று சொன்னது. அதனால்தான் நாமெல்லாம் பத்தாவது வரை அறிவியல் படித்தோம். கட்டாயமாக்கியது நடந்தது, கையில் கொடுப்பதுதான் நடக்கவில்லை. 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பன்னாட்டு பிசா தேர்வின் 2009 சுற்றை ஒட்டித் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கெடுத்தன, எழுபத்து நாலு நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் கடைசி வரிசைக்கு வந்தன. அந்தத் தேர்வு நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தியதா என்று கேட்டவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒப்பிக்கச் சொல்லாமல் யோசிக்கச் சொன்ன கேள்விகள் அவை. என் சோதனைக் குழாய்க் கேள்விக்கு வருகிற பதில்களைப் பார்த்த எனக்கு அந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை.

பணமில்லாத பள்ளியில் முடியாது என்று சொல்வதையும் ஏற்க மாட்டேன். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆசிரியர் சொல்லி எழுதுவது கிடையாது, பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்து, பார்த்ததை எழுதி, காரணத்தை விவாதித்துக் கற்றார்கள். எளிய பொருள்களால் ஆன சோதனைப் பெட்டிதான் ஆய்வகம். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பார்த்து எழுதுவதற்கு அதில் விடை இருக்காது. அது நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது வருடம் நடந்தது. 2002-ல் அரசு அதை நிறுத்தியது. எனக்கு இன்றைக்கும் அது ஒரு வலி.

கேட்டவரின் மனதில் சம்பளக் கேள்வியும் இருக்கிறது என்று தெரியும், அதற்கும் நேராகப் பதில் சொல்கிறேன். காண்ட்ராக்டில் ஆபரேட்டராக நுழையும் முதல் நாளில், அறிவியல் புரிந்தவனுக்கும் புரியாதவனுக்கும் ஒரே சம்பளம்தான். கேள்வி கேட்கிற பையனைச் சூப்பர்வைசர் அதட்டுவதும் நடக்கிறது. வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும். லைன் மூடுகிறபோது, புது ரோபோ வருகிறபோது, மெயின்டெனன்ஸுக்கு உள்ளிருந்தே ஆள் எடுக்கிறபோது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். நம் கண்ணெதிரே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது, ராக்கெட் போகும்போது மாடியில் ஏறி நின்று பார்க்கிறோம். அங்கே விஞ்ஞானிகளோடு ஐடிஐ முடித்த ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன்களும்தான் வேலை செய்கிறார்கள். அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று போன முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழக் காரணம் பழுதான ஒரு வால்வு. அடுத்த வருடம் ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது. ஒரு வால்வை ஒழுங்காகத் துடைத்துப் பொருத்துகிற கைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

மகனுக்கு என்ன செய்வது? டாக்டர், இன்ஜினியர் ஆசை இல்லை, கையால் செய்கிற வேலையில் ஆர்வம் என்றால் பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நல்ல ஐடிஐயோ டிப்ளமோவோ போதும். எங்கே சேர்த்தாலும் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சாதாரண வேலைநாளில், தேர்வுக் காலமாக இல்லாத நாளில், போய் ஆய்வகத்தையோ ஒர்க்ஷாப்பையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் அங்கேயே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். திறந்திருந்தால் உள்ளே போய் மேசையைப் பாருங்கள், அமிலக் கறையும் சுட்ட தழும்பும் இருக்கிறதா, தொட்டி ஈரமாக இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, உடைந்த கண்ணாடிச் சாமான்களுக்கு ஒரு கூடை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாமான் உடைகிற ஆய்வகத்தில்தான் பிள்ளைகள் தொடுகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் சோதனைக் குழாய் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னிடம் நாலைந்து இருக்கிறது, ஆரம்பாக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.